ஒன்பதாம் வகுப்பு மகளும் மெசொப்பொத்தேமியாவும்

ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையை ஒட்டிய கிராமத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். மூத்த மகன் இன்ஜினியரிங். இளையவள் தனியார் பள்ளியில், மாநிலப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்கு வரலாறும் புவியியலும் என்றால் உயிர். அண்ணனின் பழைய அட்லஸை மடியில் வைத்துக்கொண்டேதான் சாப்பிடுகிறாளாம். ஆனால் அரையாண்டுத் தேர்வில் சமூக அறிவியலில் வாங்கியது 46 மதிப்பெண். பாபிலோனிய அரசர் ஹமுராபி ரோமானியர்களுக்குப் பிறகு வந்தவர் என்று எழுதியிருக்கிறாள். வரைபடத்தில் இராக்கின் டைகிரிஸ் ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எகிப்தின் நைல் என்று குறித்திருக்கிறாள். பள்ளியில் சமூக அறிவியல் பீரியடைப் பாதி நாள் கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். டியூஷனில் ‘இம்பார்ட்டன்ட்’ கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்.

இந்த நிலையில் மகள், “பிளஸ் ஒன்னில் ஹிஸ்டரி குரூப்தான்” என்று சொல்லிவிட்டாள். “செத்துப்போன ராசாக்க கதையப் படிச்சு எந்தத் தறி ஓடப்போவுது?” என்பது அப்பாவின் கேள்வி. “ஐஏஎஸ் எழுத இதுதானே வேணும், படிக்கட்டும் உடுங்க” என்கிறார் தாய்மாமன். அம்மா என்னிடம் கேட்பவை இவை: “புள்ளைக்கு ஞாபகசக்தி கம்மியா, டாக்டர்கிட்டக் காட்டோணுமா? இந்தப் படிப்பு சோறு போடுங்களா? இப்பவே அவ மனச மாத்தோணுமா? கவர்மென்ட் ஸ்கூலுக்கு மாத்துனா மாசம் ஆயிரம் ரூபா வருமாமே, நெசங்களா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “எந்த நாட்டுத் தலைநகரம் கேட்டாலும் டக்குனு சொல்றா, சொந்தக்காரங்க எல்லாரோட பொறந்தநாளும் அவளுக்குத் தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு நினைவாற்றலில் குறை என்று நான் நினைக்கவில்லை. அவள் படிக்கும் விதத்தில், அதைவிடவும் அவளுக்குக் கற்றுத்தரப்படும் விதத்தில்தான் கோளாறு இருக்கிறது. காலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும், இடம் எங்கே இருக்கிறது என்பதையும் காட்டாமல், பெயரையும் ஆண்டையும் மட்டும் தலையில் ஏற்றச் சொல்கிறார்கள். அப்படி ஏற்றியது யாருக்கும் நிற்காது.

டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று எல்லாப் பாடத்திலும் எழுத்துகளை மாற்றி எழுதுகிறாள், ஒரு பத்தியைப் படிக்கவே மிகவும் திணறுகிறாள், வாயால் சரியாகச் சொன்னதைத் தாளில் எழுத முடியவில்லை என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அப்படி இருந்தால் அரசு மருத்துவச் சான்றோடு பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம். உங்கள் மகளுக்கு மற்ற பாடங்களில் எண்பதுக்கு மேல் வருகிறது என்கிறீர்கள். அதனால் அந்தச் சந்தேகம் எனக்கு எழவில்லை. கண் பரிசோதனை மட்டும் ஒருமுறை செய்துவிடுங்கள். கரும்பலகையில் தொங்கும் வரைபடத்தின் சிறிய எழுத்து தெரியாமலேயே ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

நூறு வருடத்துக்கு ஓர் அங்குலம்

ஹமுராபியை ரோமுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தது கவனக்குறைவு இல்லை. கி.மு.வில் எண் பெரிதாக இருந்தால் காலத்தால் முந்தியது. ஹமுராபி ஆண்டது ஏறத்தாழ கி.மு. 1792 முதல் 1750 வரை. அதாவது 1792 முதலில், 1750 பிறகு. எண் ஏற ஏறக் காலம் முன்னேறும் என்றே பழகிய பிள்ளைக்கு இது தலைகீழ். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பிறகு குழம்பாது.

உங்கள் பக்கம் இஞ்ச் டேப் இல்லாத வீடு அரிது. அதில் 60 அங்குலம் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு நூறு ஆண்டு என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டேப்பின் தொடக்கம் கி.மு. 4000. 40ஆம் அங்குலத்தில் கி.மு. முடிந்து கி.பி. தொடங்குகிறது. 60இல் கி.பி. 2000. உங்கள் மகள் பிறந்தது டேப் முடிந்த பிறகு.

இனி ஒவ்வொன்றாகக் குறிக்கட்டும். மெசொப்பொத்தேமியா என்பது பெரும்பாலும் இன்றைய இராக், அதன் தென்பகுதிதான் சுமேரியா. சுமேரியாவின் உருக் நகரத்தில் எழுத்து தோன்றியது கி.மு. 3200 வாக்கில், டேப்பில் 8ஆம் அங்குலம். கீசாவின் பெரிய பிரமிடு கி.மு. 26ஆம் நூற்றாண்டு, அதாவது 14க்கும் 15க்கும் நடுவில். சிந்துவெளி நகரங்கள் செழித்தது கி.மு. 2600 முதல் 1900 வரை, 14 முதல் 21 வரை நீளும். ஹமுராபி 22ஐத் தாண்டி. சீனத்து ஷாங் அரசர்கள் எலும்பில் குறிகேட்டு எழுதி வைத்தது 27, 28 பக்கம். அலெக்சாண்டர் சிந்துநதிப் பக்கம் வந்த கி.மு. 326 என்பது 37க்குச் சற்று முன். அகஸ்டஸ் ரோமின் முதல் பேரரசரானது கி.மு. 27, 40ஐ ஒட்டி. மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த கி.பி. 476 ஏறக்குறைய 44¾. தஞ்சைப் பெரிய கோயில் 50. காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, 53 பக்கம். நாடு விடுதலை பெற்றது 59½.

குறித்து முடித்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: “அகஸ்டஸ் காலத்துக்குப் பக்கத்தில் இருப்பது நாமா, பிரமிடைக் கட்டினவங்களா?” அளந்து பார்த்தால் பிரமிடிலிருந்து அகஸ்டஸ் வரை 25 அங்குலத்துக்கு மேல் வரும். அகஸ்டஸிலிருந்து நம் வரை 20தான். ரோமானியர்களுக்கே பிரமிடு என்பது பழங்காலத்துப் பழங்காலம். இதைத் தானே அளந்து கண்டுபிடித்த பிள்ளை ‘பண்டைய நாகரிகங்கள்’ பாடத்தையும் ‘செவ்வியல் உலகம்’ பாடத்தையும் பிறகு ஒன்றாகப் போட்டுக் குழப்பமாட்டாள்.

மேற்கு ஆசியாவில் மனிதர்கள் பயிரிடத் தொடங்கியது ஏறத்தாழ கி.மு. 9500. அதைக் குறிக்க டேப்பில் இடமில்லை. தொடக்கத்துக்கு முன்னால் இன்னொரு டேப்பை ஏறக்குறைய முழுசாக நீட்ட வேண்டும். அதையும் நீட்டிக் காட்டுங்கள். எழுத்தும் நகரமும் அரசும் வருவதற்கு முன் உழவு மட்டுமே இருந்த காலம் எவ்வளவு நீளம் என்று அவளுக்குப் புரியும்.

ஆடிப்பெருக்கும் நைல் நதியும்

டைகிரிஸையும் நைலையும் மாற்றி எழுதியதற்கு மருந்து வரைபடத்தைத் திரும்பத் திரும்பக் குறித்துப் பழகுவது மட்டும் இல்லை. இரண்டு ஆறுகளும் வெவ்வேறு குணம் உடையவை. அந்தக் குணம் தெரிந்தால் இடம் தானாக நிற்கும். ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் வரலாறு ஒரு பகுதி, புவியியல் இன்னொரு பகுதி. வளிமண்டலம் படிக்கும்போது எகிப்தை யாரும் நினைவூட்டுவதில்லை. எகிப்து படிக்கும்போது காற்றையும் மழையையும் யாரும் பேசுவதில்லை. இரண்டும் ஒரே பாடம் என்பதுதான் நான் இந்தக் கடிதத்தில் உங்கள் மகளுக்குச் சொல்ல விரும்புவது.

ஆடிப் பதினெட்டுக்குப் பவானி கூடுதுறைக்குப் போயிருப்பீர்கள். மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டி, ஆறு நுரைத்துக்கொண்டு வரும் காலம் அது. அதே மாதங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, எத்தியோப்பிய உயர்நிலங்களிலும் மழை கொட்டும். அந்தத் தண்ணீர்தான் நைலில் இறங்கி எகிப்துக்குப் போய் வெள்ளமானது. ஆகஸ்ட், செப்டம்பரில் வெள்ளம் உச்சம் தொடும். பிறகு வடியும். வண்டல் படிந்த ஈர மண்ணில் ஐப்பசி, கார்த்திகை வாக்கில் விதைப்பார்கள். வெள்ளம் வந்து போன பிறகு விதைப்பு. உழவனுக்கு இதைவிடத் தோதான ஆறு கிடைக்காது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்த பிறகுதான் அந்த வெள்ளம் நின்றது.

டைகிரிஸும் யூப்ரட்டீஸும் நேர்மாறு. அவற்றின் தண்ணீர் பெருமளவும் துருக்கி மலைகளில் பெய்த மழையும் உருகிய பனியும். வெயில் ஏறிப் பனி உருகும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வெள்ளம் வரும். அங்கே விதைப்பதோ இலையுதிர் காலத்தில், அப்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. பயிர் முற்றி அறுக்கும் நேரத்தில் வெள்ளம் வந்து நிற்கும். தென் இராக்கில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு, அதனால் மழையை நம்பவும் வழியில்லை. ஆகவே கரை கட்ட வேண்டும், வாய்க்கால் வெட்ட வேண்டும், யாருக்கு எப்போது தண்ணீர் என்று எழுதிவைக்க வேண்டும், சண்டை வந்தால் தீர்க்கச் சட்டம் வேண்டும். ஹமுராபியின் சட்டத்தில் ஒரு விதி, தன் கரையைச் சரியாகப் பராமரிக்காமல் உடைய விட்டு அடுத்தவர் வயலில் தண்ணீர் பாய விட்டவன் அந்தப் பயிருக்கு நட்டஈடு தர வேண்டும் என்கிறது.

இந்த விதியை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்திலோ கீழ்பவானிப் பாசனத்திலோ உங்களுக்கு உறவினர் இருப்பார்கள். மடையடைப்பு, முறைத்தண்ணீர், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேராத பேச்சு எல்லாம் அவர் சிறுவயதிலிருந்து கேட்டது. செத்துப்போன ராசாவின் கதையில் பாதி தண்ணீர்ப் பஞ்சாயத்துத்தான் என்று தெரிந்தால் அவரே நாலு கேள்வி கேட்பார். தென் மெசொப்பொத்தேமியாவில் தொடர்ந்து பாய்ச்சிய நிலம் உப்புப் பூத்து, கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி கூடியது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். நிலம் வைத்திருப்பவர்களுக்கு அது பழங்கதை இல்லை.

இன்னொன்று. சுமேரியாவில் களிமண் உண்டு, நல்ல மரமில்லை, கல்லில்லை, உலோகமில்லை. அதனால்தான் செங்கல்லில் கட்டினார்கள், களிமண்ணில் எழுதினார்கள், மற்றதற்கெல்லாம் வணிகம் செய்தார்கள். எகிப்துக்குக் கல்லும் நாணலும் இருந்தன. கல்லில் கட்டினார்கள், பாப்பிரஸ் தாளில் எழுதினார்கள். ‘மெசொப்பொத்தேமிய நாகரிகத்தின் சிறப்பியல்புகளை விவரி’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் பாதி பதில் இந்த மண்ணிலேயே வந்துவிடுகிறது. வினாத்தாளில் கேள்வியை எப்படித் திருப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவாள்.

இதற்கு வழி எளிது. வெள்ளைத் தாளில் புத்தகத்தைப் பார்க்காமல் முதலில் ஆறுகளை மட்டும் வரையட்டும், பிறகு மலை, பிறகு காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் என்று அம்புக்குறி, கடைசியில்தான் நகரங்கள். கோணலாக இருக்கட்டும். புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தவறை வேறு நிறத்தில் அவளே திருத்தட்டும். வாரம் ஒருமுறை போதும். வரைபடத்தை முழுசாக அச்சடித்துக் கொடுத்துப் பெயர் மட்டும் எழுதச் சொல்லும் பயிற்சி இப்போதைக்கு வேண்டாம்.

கொடுமணலுக்குக் கூட்டிப்போங்கள்

நீங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பெரிய வாய்ப்பு உண்டு. சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் இருக்கிறது கொடுமணல். பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ என்று சொல்லும் ஊர் இதுவே என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1985 முதல் பலமுறை அகழ்ந்திருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த கூடங்கள், பாதி செய்து விட்ட கல்மணிகள், தமிழ் பிராமியில் பெயர் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. அங்கே கிடைத்தவற்றில் ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்து வரும் நீல நிற லாபிஸ் லசூலியும் உண்டு. காங்கேயத்துக்கு அருகே படியூரில் பெரில் என்னும் பச்சைக்கல் எடுத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் கற்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகின்றன என்று எழுதினார். இந்தியாவுடனான வணிகத்தில் ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) வெளியே போகிறது என்று அவர் ஆதங்கப்பட்டதும் உண்டு.

அந்தக் காசு உங்கள் பக்கத்து மண்ணிலேயே கிடைத்திருக்கிறது. கோவை வெள்ளலூர், கரூர் எனக் கொங்கு நாட்டில் பல இடங்களில் ரோமானிய நாணயங்கள் குவியலாகக் கிடைத்தன. எப்படி வந்தன? மறுபடி காற்றும் மலையும்தான். செங்கடல் துறைமுகங்களிலிருந்து ஜூலை வாக்கில் கப்பல்கள் புறப்பட்டு, தென்மேற்குக் காற்றோடு அரபிக்கடலைக் குறுக்கே கடந்து சேரநாட்டுக் கடற்கரையின் முசிறிக்கு வந்தன. வடகிழக்குக் காற்று எழும்பிய பிறகு திரும்பின. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகச் சுவராக நிற்க, பாலக்காட்டில் மட்டும் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குக் கணவாய். அந்த வழியாகத்தான் கடற்கரைக்கும் கொங்கு நாட்டுக்கும் பாதை. இன்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆடிக்காற்று அதே கணவாயில் நுழைந்து வருவது. உங்கள் மகளின் புத்தகத்தில் இருக்கும் ‘பருவக்காற்று’, ‘ரோமப் பேரரசு’, ‘தொடக்ககாலத் தமிழ்ச் சமூகம்’ மூன்றும் இந்த ஒரே பாதையில் சந்திக்கின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அங்கே கூட்டிப்போங்கள். பெரிய கட்டடம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். நேரத்தை நீங்கள் முன்கூட்டியே விசாரித்து வைத்தால், ஈரோடு அரசு அருங்காட்சியகத்தையும் அதே வாரம் பார்த்துவிடலாம். முடிந்தால் அப்பாவும் வரட்டும்.

மாமன் சொன்னதும் அப்பா சொன்னதும்

தாய்மாமனின் அக்கறை நல்லது, தகவலில் பிழை இருக்கிறது. யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வின் பொது அறிவுத் தாளில் உலக வரலாறு 18ஆம் நூற்றாண்டு முதலான நிகழ்வுகளைத்தான் கேட்கிறது. சுமேரியாவும் எகிப்தும் அதில் இல்லை. இந்திய வரலாறும் இந்திய, உலகப் புவியியலும் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளிலும் இந்திய, தமிழக வரலாறும் புவியியலும் வரும். குரூப் 4 பத்தாம் வகுப்புத் தரத்திலானது. ஆகவே ‘ஐஏஎஸ்ஸுக்காக மெசொப்பொத்தேமியா’ என்று சொல்லி அவளை உற்சாகப்படுத்த வேண்டாம். பிறகு ஏமாற்றமாகும்.

மகளுக்கும் ஒரு தகவல் தெரிய வேண்டும். இப்போது புழக்கத்தில் இருக்கும் மாநிலப் பாடநூல்களில் பண்டைய உலக வரலாறு விரிவாக வருவது ஒன்பதாம் வகுப்பில்தான். பத்தாம் வகுப்பு வரலாறு முதல் உலகப்போரில் தொடங்கும். பிளஸ் ஒன் வரலாறு இந்திய வரலாறு. ஹிஸ்டரி குரூப் எடுத்தால் பிரமிடைத் தொடர்ந்து படிக்கலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. இது தெரிந்த பிறகும் அந்த குரூப் வேண்டுமா என்று அவளே யோசிக்கட்டும்.

அப்பாவின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. தறித்தொழிலில் நூல் விலையும் கூலியும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று நித்தம் பார்ப்பவர், மகளுக்கு உறுதியான வருமானம் வேண்டும் என்று நினைப்பது அன்பு. அவருக்கு நேர்மையான கணக்கைக் காட்ட வேண்டும்.

அறிவியல் குரூப் எடுத்தால் பிறகு பி.ஏ. வரலாறு, புவியியல், ஐந்தாண்டுச் சட்டம், போட்டித் தேர்வு எல்லாவற்றுக்கும் போகலாம். கலைப்பிரிவு எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் அடைபடும். இது உண்மை, மறைக்கக் கூடாது. ஆனால் ‘எல்லாக் கதவும் திறந்திருக்கும்’ என்பதற்கு ஒரு விலை உண்டு. பிடிக்காத நான்கு பாடங்களை இரண்டு வருடம் இழுத்து, குறைந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தால், திறந்திருக்கும் கதவுகளில் பல அவளுக்குப் பயன்படாது. நல்ல கல்லூரியில் பி.ஏ. சேரவும் மதிப்பெண் வேண்டும்.

கலைப்பிரிவின் பாதைகளையும் பெரிதாக்காமல் சொல்கிறேன். ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேர பிளஸ் டூவில் எந்த குரூப்பும் போதும். ஆசிரியர் பணிக்கு பட்டமும் பி.எட்.டும், அரசுப் பள்ளி என்றால் அதற்கான தேர்வும். தொல்லியலில் நாட்டம் என்றால் முதுகலைக்குப் பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையின் நிறுவனத்தில் தொல்லியல், கல்வெட்டியலுக்கான இரண்டாண்டுப் பட்டயம் இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையும் இப்படி ஒன்று நடத்துகிறது. ஆனால் பணியிடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம். குடும்பம் அந்த ஆண்டுகளைத் தாங்குமா என்று முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அவளுக்கு ராஜாக்களைவிட வரைபடம் அதிகம் பிடிக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் கணக்கை விட வேண்டாம். செயற்கைக்கோள் படங்களையும் கணினி வரைபடங்களையும் கையாளும் புவித்தகவலியல் இன்று வேலை தரும் துறை. கிண்டி பொறியியல் கல்லூரியில் அதற்கு பி.இ. படிப்பே உண்டு. அதற்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். மற்ற பாடங்களில் எண்பதுக்கு மேல் எடுக்கும் பிள்ளைக்கு இந்தப் பாதையையும் காட்டாமல் விடுவது சரியில்லை. வீட்டுச் சண்டையில் இதுவரை யாரும் சொல்லாத மூன்றாவது வழி இது, அப்பாவும் மகளும் ஒத்துப்போகக்கூடிய இடமும் இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் முடிவு அவளுடையது.

இப்போதே மனதை மாற்ற வேண்டுமா என்றால், வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் குரூப்பை முடிவு செய்ய எந்தக் கட்டாயமும் இல்லை. “பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரட்டும், அதுவரைக்கும் யாரும் இதப் பேச வேண்டாம்” என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். மாமனுக்கும் சேர்த்து.

பள்ளி விஷயம்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடம், ஒவ்வொன்றும் 100. சமூக அறிவியலின் நூறும் கணக்கின் நூறும் கூட்டலில் ஒன்றுதான். அந்தப் பீரியடைப் பறிப்பது பள்ளியின் தேர்ச்சி நோக்கிலேயே நட்டம் என்பதைத் தலைமை ஆசிரியரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். வகுப்பின் கால அட்டவணையைக் கேளுங்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கொடுத்தால் கவனிப்பார்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம். கோபமாக எழுத வேண்டாம், எந்த நாள் எந்தப் பீரியட் மாற்றப்பட்டது என்று தேதியோடு எழுதினால் போதும்.

பிளஸ் ஒன்னுக்குப் பள்ளி மாற நேர்ந்தால், கட்டணப் பாக்கி என்று சொல்லி மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பாக்கி இருந்தால் அதைத் தனியாக வசூலித்துக்கொள்ள வேண்டியது பள்ளியின் பாடு.

மாதம் ஆயிரம் ரூபாய் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது புதுமைப் பெண் திட்டம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கானது. பிறகு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கினார்கள். உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து தனியார் பள்ளியில் இருப்பதால் பிளஸ் ஒன்னில் மாற்றினாலும் கிடைக்காது. அதை எதிர்பார்த்துப் பள்ளியை மாற்றாதீர்கள்.

மாற்றுவதற்குச் சரியான காரணம் வேறு. உங்கள் பள்ளியில் கலைப்பிரிவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அடுத்த ஆண்டு சுற்றுவட்டாரத்தில் மூன்று நான்கு அரசு, உதவிபெறும் மேல்நிலைப் பள்ளிகளில் விசாரியுங்கள். ‘குரூப் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் போதாது. வரலாற்றுக்கும் புவியியலுக்கும் முதுகலை ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, சென்ற ஆண்டு அந்தப் பிரிவில் எத்தனை பேர் படித்தார்கள், பேருந்து நேரம் தோதுப்படுமா என்று கேளுங்கள். பெயருக்குப் பிரிவு இருந்து ஆசிரியர் இல்லாத இடத்தில் சேர்த்துவிட்டால், இப்போது பீரியடை இழப்பதைவிட மோசமாகும்.

டியூஷனை இப்போது நிறுத்த வேண்டாம், கணக்குக்கு உதவுகிறது என்கிறீர்கள். சமூக அறிவியலை மட்டும் அங்கிருந்து எடுத்துவிட்டு, அந்த நேரத்தை டேப்புக்கும் வெள்ளைத் தாளுக்கும் கொடுங்கள். முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அவளுடைய விடைத்தாளைக் கேட்டு வாங்கி, வரைபடக் கேள்வியிலும் காலக்கோட்டுக் கேள்வியிலும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், எங்கே தடுக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.